தூதுவன் முதல் துண்டு வரை: யாழ்ப்பாணத்து நோயாளர் வைத்தியரை அணுகிய முறைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்து மருத்துவ வரலாறு பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை வைத்தியர்களின் வரலாறாகவோ, வைத்தியசாலைகளின் வரலாறாகவோ, அன்றி மருத்துவ நூல்களின் வரலாறாகவோ அமைந்துள்ளன. நோயாளி எவ்வாறு வைத்தியரை அடைந்தான், யார் மூலம் சொல்லியனுப்பினான், எவ்வளவு நேரம் காத்திருந்தான், எதனைக் கொடுத்தான், எம்மொழியில் தன் நோயைச் சொன்னான் என்னும் வினாக்கள் அவ்வெழுத்துக்களில் இடம்பெறுவது அரிது. வைத்தியர் தொகையும் கட்டில்களின் தொகையும் அறிக்கைகளிற் பதியப்படுகின்றன. வாசலிற் காத்து நின்று திரும்பிப் போனவர்களின் தொகையை எவரும் பதிவதில்லை என்பதே இதற்குக் காரணம் ஆகலாம். இக்கட்டுரை யாழ்ப்பாணத்தை மையமாகக் கொண்டு அவ்வாசலின் வரலாற்றை நோக்க முனைகின்றது. வேண்டியவிடத்து இலங்கையின் பிற பகுதிகளும் ஒப்புநோக்கப்படும்.

மேலைத்தேய மருத்துவம் வருவதற்கு முன்னர் இங்கு மருத்துவம் இருக்கவில்லை என்று கருதுவார் இப்பொழுது இல்லை. யாழ்ப்பாண அரசர் காலத்தனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய மருத்துவ நூல்கள் அக்கல்வியின் பழமைக்குச் சான்றாகும். பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை ஏட்டுப் பிரதிகளிலிருந்து தொகுத்து 1930களை ஒட்டிய ஆண்டுகளிற் பகுதி பகுதியாக அச்சேற்றியமை யாவரும் அறிந்ததே. இம்மருத்துவத்தைக் கையாண்டவர் ஊர்ப் பரியாரியார். தந்தை வழியாகவோ மாமன் வழியாகவோ கற்ற கல்வி. வீட்டு வளவிலேயே மூலிகை. எண்ணெய் காய்ச்சுவதற்கு ஓர் ஒத்தாப்பு. நடக்கக்கூடிய நோயாளர் அவரது திண்ணைக்குச் சென்றனர். நடக்கவியலாதார் வீட்டுக்குப் பரியாரியார் வந்தார்.

பரியாரியாரை அழைத்து வரச் செல்பவன் பற்றிச் சித்த, ஆயுர்வேத நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. தூதுவன் வந்த வேளை, அவன் நின்ற திசை, உடுத்திருந்த ஆடை, முதலிற் சொன்ன சொல், பேசும்போது அவன் கை தொட்ட உறுப்பு என்பவற்றைக் கொண்டு நோயாளியின் நிலையை வைத்தியர் உய்த்துணர வேண்டும் என்பது அந்நூல்களின் விதி. தூதக்குறி என வழங்கும் இதனை வெறும் நிமித்த நம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் சமூக வரலாற்று மாணவனுக்கு இதில் வேறொரு செய்தி உண்டு. நோய் பற்றிய முதல் விண்ணப்பம் நோயாளியிடமிருந்து நேரே வரவில்லை, இன்னொருவன் வாயாக வந்தது. வைத்தியர் புறப்படுவதா இல்லையா என்பது அவ்விடத்திலேயே தீர்மானிக்கப்பட்டது. நோய் தீராதது எனக் குறி காட்டினால் வைத்தியர் விலகிக்கொள்ள நூல் இடமளித்தது. வைத்தியரைச் சந்திப்பதற்கு முன்னர் ஒரு வாயிற்காவல் உண்டு என்பது, ஆகவே, பிற்கால மருந்துச்சாலை புதிதாகக் கண்டுபிடித்த வழக்கம் அன்று.

பரியாரியாருக்குக் கொடுப்பது கூலியாகக் கருதப்படவில்லை. வெற்றிலையிற் பணம் வைத்துக் கொடுப்பர். நெல்லும் தேங்காயும் பின்னர் போய்ச் சேரும். சுகப்பட்ட பின்னர் கொடுப்பவரும் உளர். கைம்மாறு இவ்வாறு நெகிழ்ச்சியுடையதாய் இருந்தமை வறியவர்க்கு வாய்ப்பே. எனினும் இதனைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. சாதி ஒழுங்கு இறுகியிருந்த யாழ்ப்பாணத்திற் பரியாரியார் எவ்வீட்டுப் படியேறுவார், எவரைப் படலைக்கு வெளியே நிறுத்திக் குணம் கேட்பார் என்பது நோயின் தன்மையாலன்றி நோயாளியின் பிறப்பினாலே பெரிதும் நிச்சயிக்கப்பட்டது. பெண்கள் நிலை வேறு. பேறுகாலம் மருத்துவச்சியின் பொறுப்பு. பெண்களுக்கே உரிய பிற நோய்களோ, பெரும்பாலும், எவரிடமும் சொல்லப்படாமலே இருந்தன.

இவ்வொழுங்கினுள் மேலைத்தேய வைத்தியர் புகுந்தது 1820ஆம் ஆண்டளவிலாகும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் 1819இன் இறுதியில் இலங்கை வந்து பண்டத்தரிப்பில் தங்கி வைத்தியம் செய்தார். 1836இல் அவர் சென்னைக்குச் சென்றார். எனினும் நமது பொருளுக்கு மிக இன்றியமையாதவர் 1847இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். மானிப்பாயில் 1848 முதல் அவர் நடத்திய மருந்துச்சாலை, நோயாளர் ஓரிடத்திற் கூடி முறைக்கு முறை வைத்தியரைக் காணும் வழக்கத்தை வலிகாமத்தில் வேரூன்றச் செய்தது. வைத்தியர் வீடு வீடாகச் செல்லுதல் மாறி, நோயாளர் வைத்தியரை நோக்கி நடக்கும் காலம் இதனோடு தொடங்கியது எனலாம். செலவு என்பதைப் பணமாக மாத்திரம் எண்ணுவோர் இம்மாற்றத்தைக் கவனிப்பதில்லை. தூரம், வண்டிச் சத்தம், ஒரு நாள் தோட்ட வேலை, துணைக்கு வருபவரின் ஒரு நாள் என யாவும் நோயாளியின் தலையில் விழுந்தன. மறுபுறம், வைத்தியர் ஒருவரே பரியாரியாரினும் பன்மடங்கு நோயாளரைப் பார்க்கக்கூடியவர் ஆனார்.

காத்திருக்கும் நேரம் என ஒன்று தோன்றியதும் அதற்கு உரிமை கொண்டாடுவாரும் தோன்றினர். மிஷன் மருந்துச்சாலைகளின் பொது வழக்கப்படி, வைத்தியம் தொடங்குமுன் கூடியிருப்போருக்கு வேதாகம வாசிப்பும் செபமும் நடைபெற்றன. மருந்துக்கு வந்தோர் அதனையும் கேட்டே ஆகவேண்டும். சைவர்கள் இதனை எவ்வாறு ஏற்றனர் என்பது தனி ஆய்வுக்குரியது. பலர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போயினர் என்பதே, மதமாற்றத்தின் வேகம் குறைவாயிருந்தமையை நோக்கும்போது, பெறப்படும் முடிவு. இன்னொன்றும் கூறுதல் வேண்டும். ஒரே வாங்கிற் பல சாதியினரும் இருந்து முறை பார்க்கும் இடங்கள் அக்கால யாழ்ப்பாணத்தில் மிகச் சில. இருக்கை அவ்வாறு எப்போதும் சமமாய் இருந்தது என்று சொல்லவரவில்லை. முறை என்னும் எண்ணமே, அதாவது முன்வந்தவர் முன்னே என்பதே, பிறப்பின் வரிசைக்கு மாறான வேறொரு வரிசை என்பதுதான் கருதத்தக்கது.

கிறீன் ஆற்றிய பணியுள் தமிழில் மருத்துவம் கற்பித்தமையே நம் ஆய்வாளரால் அதிகம் போற்றப்படுகின்றது. 1857இல் வெளிவந்த அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல், பிரசவ வைத்தியம், 1867இல் வெளிவந்த இரண வைத்தியம், 1872இல் வெளிவந்த மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், 1875இல் வெளிவந்த கெமிஸ்தம் ஆகியன கலைச்சொல்லாக்க வரலாற்றில் அழியா இடம் பெற்றவை. ஆயின் இம்முயற்சியைத் தமிழ்த் தொண்டு என்னும் தலைப்பில் அடக்கிவிடுவதால் அதன் நோக்கம் மறைந்துபோகின்றது. ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற மாணவர் அரசாங்க உத்தியோகத்தையும் உயர்ந்த சம்பளத்தையும் நாடி ஊரை விட்டுச் செல்வதை அவர் கண்டார். தமிழிற் கற்றவன் ஊரிலேயே தங்குவான், தன் கிராமத்திலே சிறு மருந்துச்சாலை திறப்பான், நோயாளியின் சொல்லை நோயாளியின் மொழியிலே கேட்பான் என்பது அவரது கணக்கு. எனவே மொழிபற்றிய அவரது தீர்மானம் உண்மையில் வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடைப்பட்ட தூரம் பற்றிய தீர்மானமே. அவரிடம் கற்றுத் தேறியோர் 60க்கு மேற்பட்டவர். ஏறத்தாழ அவருட் பாதிப்பேர் தமிழ் வழியாகக் கற்றவர். அவர்களுட் பலர் ஊர்களிற் குடியிருந்து வைத்தியம் செய்தமையால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணக் கிராமத்தான் ஒருவன் மேலைத்தேய வைத்தியரை நடந்து சென்று காணக்கூடிய நிலை, இலங்கையின் வேறு பல பகுதிகளுக்கு முன்னரே இங்கு உண்டாயிற்று.

கிறீன் 1873இல் நாடு திரும்பினார். அமெரிக்காவிலிருந்தே நூல் வேலையைத் தொடர்ந்து 1884இற் காலமானார். தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. இதற்கு மிஷனின் பணமுடை ஒரு காரணம். ஆயின் அடிப்படைக் காரணம் கொழும்பிலே இருந்தது. 1858இல் குடிசார் வைத்தியத் திணைக்களம் அமைக்கப்பட்டது. 1870இல் இலங்கை வைத்தியக் கல்லூரி ஆங்கில வழியிலே தொடங்கப்பட்டது. தகுதிக்கு முத்திரை குத்தும் அதிகாரம் அங்கு சென்றதும், ஊர் வாசலிலே தமிழிற் பேசிய வைத்தியனின் கல்வி இரண்டாந் தரமாயிற்று. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியபோதும் பயிற்றுமொழி ஆங்கிலமே. உலகத்தோடு ஒட்டி நிற்க அது வேண்டியதே என்பாருடன் யான் வாதிடவில்லை. நோயாளி கூறும் "குத்துளைவு", "அவதி", "நெஞ்சுக்குள்ளே ஒரு மாதிரி" என்பன மருத்துவ மாணவனின் குறிப்பேட்டில் எச்சொல்லாக மாறுகின்றன, மாறும்போது எது உதிர்ந்துபோகின்றது என்பதையேனும் நாம் கேட்டிருக்கலாம்.

பெண்களுக்கான வாசல் 1898இல் இணுவிலிலே திறக்கப்பட்டது. மேரி, மார்கிறற் லீச் சகோதரிகள் வெளிநாடுகளிற் சேர்த்த பணத்தின் துணையோடு எழுந்த மக்லியொட் வைத்தியசாலை அது. பெண் வைத்தியர் பெண்களைப் பார்த்தமையே அதன் சிறப்பு. இதனால் விளைந்த மாற்றத்தைத் தொகை கொண்டு அளப்பது கடினம். எனினும் இரு தலைமுறை யாழ்ப்பாணத்தார் "இணுவிலிற் பிறந்தேன்" என்று கூறியமை, ஊரைச் சுட்டியதன்று, வைத்தியசாலையைச் சுட்டியது என்பதை வலிகாமத்து முதியோர் அறிவர்.

அரசாங்கத்தின் பக்கம் நோக்கின், யாழ்ப்பாண நகரின் பெரியாஸ்பத்திரி, 1850இல் அரசாங்க அதிபர் டைக் முன்னின்று அமைத்த நட்புதவிச் சங்கத்தின் தரும முயற்சியாகத் தொடங்கி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசாங்கத்தின் கைக்கு முற்றாக வந்தது. "தர்மாஸ்பத்திரி" என மக்கள் வழங்கிய பெயர் அம்மூலத்தை நினைவூட்டுகின்றது. அப்பெயரில் ஒரு கூச்சமும் ஒளிந்திருந்தது. இயன்றவர் போகுமிடம் அன்று அது என்னும் குறிப்பு அச்சொல்லில் உண்டு. கிராமங்களில் அரசாங்கத்தின் முகமாய் விளங்கியவர் அப்போதிக்கரி. அவருக்குக் குறுகிய காலப் பயிற்சி, பரந்த பொறுப்பு. மிக்ஸர், களிம்பு, குயினைன், பேதிக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று எனப் பெரிய சாடிகளில் முன்னரே கலந்து வைத்திருக்கும் மருந்து. நோயாளி தன் போத்தலைத் தானே கொண்டுசெல்ல வேண்டும். போத்தல் இல்லாதவனுக்கு மருந்தும் இல்லை. என் இளமையில், அயலில் எவருக்கேனும் காய்ச்சல் என்றால் முதலில் எழும் கேள்வி "போத்தில் இருக்கோ" என்பதே. சாராயப் போத்தலைக் கழுவிக் கொண்டுபோனால் வரிசையில் நிற்போர் சிரிப்பர் என்பதால் என் பாட்டியார் சர்பத்துப் போத்தல் ஒன்றைச் சாமியறைத் தட்டில் எடுத்து வைத்திருந்தார். வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்ட, கடதாசியை மடித்துப் பல்லுப் பல்லாக வெட்டிப் போத்திலின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார்கள். எழுத்தறியாதவரும் பிழையின்றி அருந்தக்கூடிய அளவுகோல் அது.

தேயிலைத் தோட்டங்களின் நிலையை ஈண்டு ஒப்புநோக்குதல் பயன்தரும். 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்துக்கான பொறுப்பிற் பங்கைத் தோட்ட உரிமையாளர் மீது சுமத்தியது. இதன் பயனாகத் தோட்டத்துக்குள் மருந்து வந்தது. ஆனால் நோய்வாய்ப்பட்டவர் யார் என்பதை வரையறுக்கும் அதிகாரமும் உடன் வந்தது. காலைப் பெரட்டுக்களத்தில் வேலைக்கு நிற்காதவன் தனக்குச் சுகமில்லை என்று கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் நிரூபித்த பின்னரே மருந்துக்குப் போகலாம். வெளியே பெரியாஸ்பத்திரிக்குப் போவதாயின் துரையின் துண்டு வேண்டும். அன்றைய பேர் விழாது. யாழ்ப்பாணத்து விவசாயி தன் ஒரு நாளை இழந்தான் எனின் அது அவனது நாள். தோட்டத் தொழிலாளி இழந்த நாளுக்கோ வேறொருவன் சொந்தக்காரன். வாசல் அருகில் இருப்பது மாத்திரம் போதாது, அதன் திறவுகோல் எவர் கையில் என்பதும் வினா என்பதனை இதனினும் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு இலங்கை வரலாற்றில் இல்லை.

1926இல் களுத்துறையில் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு தொடங்கிய முதலாவது சுகாதாரப் பிரிவு, குறித்த கிழமையிற் குறித்த வகையினர் வருதல் என்னும் முறையைக் கொண்டுவந்தது. கர்ப்பிணிகளுக்கு ஒரு நாள், குழந்தைகளுக்கு ஒரு நாள். "கிளினிக்குக்குப் போகிற நாள்" என நம் பேச்சுமொழியில் வேரூன்றிய தொடர் இதன் வழிவந்தது. கிளினிக் கொப்பி எனப்படும் பயிற்சிக் கொப்பியை நோயாளியே வைத்திருந்து கொண்டுவரும் வழக்கம் பற்றி நகைப்போர் உளர். தன் நோயின் வரலாறு தன் கைப்பையிலேயே இருப்பதைப் பல முன்னேறிய நாடுகளின் நோயாளரும் பெற்றிலர் என்பதை அவர் எண்ணுவதில்லை.

ஊரவர் தாமே வாசல் அமைத்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. 1930களின் நடுப்பகுதியில் மூளாயில் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலை இலங்கையின் கூட்டுறவு வைத்தியசாலைகளுள் முதலாவது ஆகும். அங்கத்தவர் சிறு தொகை செலுத்தி, நோய் வந்தபோது உரிமையோடு செல்லுதல் அதன் தத்துவம். தருமம் பெறுபவன் என்ற கூச்சமும் இல்லை. தனியார் வைத்தியரின் கட்டணமும் இல்லை. இவ்வமைப்பின் கணக்கேடுகளையும் கூட்டக் குறிப்புகளையும் ஆராயும் மாணவர் ஒருவர் முன்வருவாராயின் யாழ்ப்பாணச் சமூக வரலாற்றின் பெரும் பகுதி ஒளிபெறும்.

1931இல் வந்த சர்வசன வாக்குரிமை, வாக்காளர் கேட்கும் முதற் பொருள்களுள் ஒன்றாக வைத்தியசாலையை ஆக்கியது. 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளில் அறவிடப்பட்ட கட்டணம் நீக்கப்பட்டது. அதன் பின்னர் வறியவனுக்கும் வைத்தியருக்கும் இடையில் நின்றது பணமன்று, வரிசை. காலை ஐந்து மணிக்கு வந்து துண்டு எடுப்பவர், ஒன்பது மணிக்கு வரும் வைத்தியர், ஒரு நிமிடத்தில் முடியும் பரிசோதனை, பின்னர் மருந்துக்கு மற்றொரு வரிசை. இதற்கிடையிற் சிற்றூழியருக்குத் தெரிந்தவர் பின்கதவால் உட்செல்வர். தூதுவன் போய்த் துண்டு வந்தது, வாயிற்காவல் போகவில்லை.

1971ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனித்து நோக்கத்தக்கது. இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா நிதியமைச்சராய் இருந்த காலத்தில், வெளிநோயாளர் ஒவ்வொரு முறையும் 25 சதம் செலுத்த வேண்டும் என்னும் விதி கொண்டுவரப்பட்டது. அக்காலத்திலும் 25 சதம் பெருந்தொகையன்று. ஆயினும் வெளிநோயாளர் வருகை குறிப்பிடத்தக்க அளவு வீழ்ந்தது. தேவையின்றி வந்தோர் நின்றுவிட்டனர் என்றனர் சிலர். எவர் தேவையின்றி வந்தார், எவர் 25 சதம் இன்றி வராது நின்றார் என்பதைப் பிரித்தறிய எவ்வழியும் இருக்கவில்லை. அப்பணத்தால் அரசாங்கத்துக்குக் கிடைத்த வருவாய் சிறிது. 1977இல் கட்டணம் நீக்கப்பட்டது. அதே ஆண்டின் பின்னர் அரசாங்க வைத்தியர் கடமை நேரத்துக்குப் புறம்பாகத் தனியார் வைத்தியம் செய்யும் வாய்ப்பு விரிந்தது. "சனல் பண்ணுதல்" என்னும் சொல் தமிழிலும் சிங்களத்திலும் ஒருங்கே நிலைபெற்றது. காலையில் வரிசையிற் கண்ட அதே வைத்தியரை மாலையில் இலக்கம் பெற்று, பணம் செலுத்தி, இருக்கையில் இருந்து காணலாம். 25 சதத்தை ஒழித்த காலமே இதனை வளர்த்தது என்பது சிந்திக்கற்பாலது.

போர்க்காலம் பற்றி இக்கட்டுரை விரிக்கவில்லை. அது தனி நூலுக்குரியது. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் எரிபொருட் தடையும் சந்திப்பு நேரத்தை நிர்ணயித்த காலம் அது. 1987 ஒக்டோபர் 21, 22ஆம் திகதிகளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் வைத்தியரும் தாதியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர். வாசலுக்குள் நுழைந்துவிட்டால் தப்பினோம் என்னும் பழைய நம்பிக்கை அன்றோடு முறிந்தது.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றின் பொருட்டு ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்குத் தொடர்ந்து மருந்து எடுப்போர் கிளினிக்குக்குப் போக இயலாதவராயினர். அப்போது அரசாங்க வைத்தியசாலைகள் கொப்பி இலக்கத்தைத் தொலைபேசியிற் கேட்டறிந்து, ஒரு மாத மருந்தைப் பொதிசெய்து, தபாற்காரர் மூலம் வீட்டுப் படலைக்கு அனுப்பின. பல்லாண்டு காலம் காலை ஐந்து மணிக்கு எழுந்து சென்ற முதியோர் தம் வளவுக்குள் நின்றே மருந்தைப் பெற்றனர். ஊரடங்கு நீங்கியதும் அவ்வொழுங்கு பெரும்பாலும் கைவிடப்பட்டு, வரிசை மீண்டும் தொடங்கியது.